குடைச்சல்

வலியா என்று கேட்டாள்
கோயம்புத்தூர் டாக்டர் பொண்ணு.
இல்லை.
அரிப்பா, எரிச்சலா, மரத்துப்போகிறதா,
எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதா?
எறும்பென்றால் தட்டிவிட்டிருப்பேனே அம்மா.
எலும்புக்கு உள்ளே உட்கார்ந்து
யாரோ ஈரத் துணி பிழிகிறார்கள்,
பிழிந்து முடிக்கவே மாட்டேன் என்கிறார்கள்.
அவள் கணினியில் தட்டாமல் என்னைப் பார்த்தாள்.
பக்கத்திலிருந்த பிலோமி
"கால் குடைச்சல்" என்றாள்,
மளிகைக் கடையில் சாமான் சொல்வதுபோல.
அதுதான். அதேதான்.

நடுக்கம் வந்து ஏழு வருஷம்.
பகலில் என் கால்கள் அரசாங்க ஊழியர்கள்
(நானும் அந்தச் சம்பளம் வாங்கியவன், சொல்லலாம்).
நிலைப்படியைக் கண்டால் கோப்பு நகராது.
போன செவ்வாய் சமையற்கட்டு வாசலில்
குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை நின்றேன்.
ராத்திரி
மாத்திரையின் வேகம் இறங்கியதும்
அதே கால்களுக்கு எங்கேயோ அவசரம்.

காந்தலில் தை மாதம்.
மூன்று கம்பளி, சுடுதண்ணீர்ப் பை,
எல்லாவற்றையும் உதைத்துத் தள்ளுகிறேன்.
வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்தால்
முதல் பத்து எட்டு சொர்க்கம்.
நின்றால் பிழிய ஆரம்பித்துவிடுவார்கள்.
கட்டிலிலிருந்து ஜன்னல் பதினொன்று,
ஜன்னலிலிருந்து பீரோ ஏழு.
சாயங்காலத்துக்குமேல் டீ கூடாதாம்,
ஊட்டியில் இருந்துகொண்டு!
ரத்தத்தில் இரும்பு குறைச்சலாம்.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
முருங்கைக்கீரை ஏறி வருகிறது எனக்காக.

இரண்டு பத்துக்கு
ஜன்னலுக்கு வெளியே காட்டெருமை.
பக்கத்து வீட்டு பீட்ரூட் பாத்தியில்
முதுகில் உறைபனி பொடிந்திருக்க
நாலு காலையும் ஊன்றி நின்றது.
முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை,
பிறவியிலேயே போட்டுக்கொண்டு வந்தது.
எனக்கு எழுதிக் கொடுத்தது
நானூற்றைம்பது ரூபாய், இன்னும் பிரிக்கவில்லை.
அது அசையவில்லை.
வாய் மட்டும் மெல்ல அரைத்தது.
ஒரு மாட்டின்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் நடந்தேன்.

பிறகு பாத்ரூமுக்குத் திரும்பியவன்
நிலைப்படியில் ஒட்டிக்கொண்டேன்.
தாண்டுவதற்காக பிலோமி
தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறாள்,
இருட்டில் எங்கே தெரிகிறது.
உள்ளே குடைச்சல் நட நட என்கிறது.
பாதம் மாட்டேன் என்கிறது.
இரண்டுக்கும் நடுவில் நான்,
படி வாங்காத பஞ்சாயத்துக்காரன்.

இருபத்தெட்டு வருஷம்
பிலிம் தொழிற்சாலையில் இருட்டு வேலை.
தீக்குச்சி வெளிச்சம் பட்டால்
அன்றைய சரக்கெல்லாம் குப்பை.
உருளையைத் தள்ளிவருகிறவன்
"வர்றேன் வர்றேன்" என்று குரல் கொடுப்பான்.
எதிரே வருகிறவன்
"வா" என்று சுவரோடு ஒதுங்குவான்.
போஜனை எனக்குக் குரலாகத்தான் தெரியும்;
கேன்டீன் வெளிச்சத்தில் பார்த்தால்
யாரோ போலிருப்பான்.

ஏன் வாயில் வந்ததோ,
நிலைப்படியில் நின்று சொன்னேன்,
"வர்றேன்."
வலது குதிகால் பெயர்ந்தது.
"வர்றேன்."
இடது.
கட்டிலிலிருந்து பிலோமி, தூக்கம் கலையாமல்,
"வாயேன், யாரு வேண்டாம்னா."

போய்விட்டு வந்து படுத்தேன்.
ஐஸ் மாதிரி இருக்கு என்று திட்டிக்கொண்டே
என் முழங்கால்கள்மேல்
தன் காலைத் தூக்கிப் போட்டாள்,
ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கனம்.
எல்லாம் அடங்கியது.
வெளியே பீட்ரூட் இலை
கறுக் கறுக்கென்று முறிவது கேட்டது.

மூன்று நிமிஷம் இருக்கும்.
அப்புறம் யாரோ
ஈரத் துணியை மறுபடி எடுத்தார்கள்.